மேட்டுல அப்பா... துபாய்ல அண்ணன்... நடுவுல ஒரு பிரவுசர்!

‘‘கேமராவைக் கொஞ்சம் இறக்குப்பா... உன் நெத்தி மட்டும்தான் தெரியுது!’’

‘‘அப்பத்தா, நீங்க மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க!’’

‘‘என்னத்தைடா ஆஃப் பண்ணேன்? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்!’’

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடிநாயக்கனூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் இந்த வசனத்துல ஒண்ணாவது காதுல விழும். துபாய், சிங்கப்பூர், சவூதி, நியூஜெர்ஸினு ஊர்தான் மாறும். ‘கேக்குதா... கேக்குதா?’ மட்டும் மாறவே மாறாது!

இந்த வெளிநாட்டுக் குடும்பங்களை எல்லாம் ஒட்டவெச்சிட்டு இருக்கிறது யார் தெரியுமா பாஸ்? வீட்டுல இருக்குற காலேஜ் பசங்கதான். அப்பாவுக்கு ஏலக்காய் விலை பார்த்துச் சொல்றது, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுக்கறது, அண்ணனோட பாஸ்போர்ட் ஃபார்ம் நிரப்பறதுனு வீட்டுக்கு வீடு சம்பளம் இல்லாத ஐ.டி. டிபார்ட்மென்ட் நாமதான். அந்த வேலையில தினமும் கை வைக்கிற ஒரே ஆயுதம், பிரவுசர். அதை உருப்படியா எப்படிப் பயன்படுத்தறது, எங்கே உஷாரா இருக்கணும்..? வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!

வெளியூர் நமக்குப் புதுசா என்ன?

போடிக்காரங்களுக்கு ‘வெளியே போய்ப் பொழைக்கிறது’ பாஸ்போர்ட் வந்த பிறகு ஆரம்பிச்ச விஷயம் இல்லை. போடியில இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அந்தப் பக்கம் இறங்கினா கேரளா. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிஞ்சப்போ தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவுக்குப் போயிடுச்சு. ஆனா, தோட்டத்து வேலைக்குப் போறவங்க போய்ட்டேதான் இருந்தாங்க. இன்னிக்கும் காலையில இருட்டு விலகறதுக்கு முன்னாடியே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கம் இருந்து பெண்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் மலை ஏறுது. காலையில ஒரு ஸ்டேட், ராத்திரி ஒரு ஸ்டேட்!

2020-ல் கொரோனா வந்தப்போதான் ‘இதுவும் ஒரு எல்லை’னு எல்லாருக்கும் உறைச்சது. தமிழ்நாட்டுக்கு இ-பாஸ், கேரளாவுக்கு ‘கோவிட்-19 ஜாக்ரதா’ தளத்துல பதிவு. அதுவரைக்கும் ஜீப்பு ஏறினாப் போதும்னு இருந்தவங்க, தோட்டத்துக்குப் போக ஓ.டி.பி.க்குக் காத்துட்டு நின்னாங்க. பிரவுசர் தெரிஞ்ச பிள்ளை வீட்டுல இருந்தா வேலைக்குப் போகலாம், இல்லேன்னா இல்லைங்கிற நிலைமை. சும்மா ஷார்ட்கட் கீ மேட்டர்னு இதை ஒதுக்கிட முடியாதுனு அப்பவே புரிஞ்சு போச்சு.

கேசட்டுல இருந்து குரோமுக்கு...

வளைகுடாவுக்கு முதல் முதலா போன தலைமுறை, டேப் ரெக்கார்டர் முன்னாடி உக்காந்து பேசி, கேசட்டை ஊருக்கு வர்றவங்க கையில கொடுத்து விடும். பிறகு டிரங்க் கால், எஸ்.டி.டி. பூத், அப்புறம் பிரவுசிங் சென்டர். மணிக்கணக்குக்குக் காசு கட்டி, யாஹூ மெசஞ்சர்ல மங்கலான வெப் கேமரா முன்னாடி குடும்பமே நெருக்கி உக்காந்த காலம் அது. அந்த மெசஞ்சரை 2018 ஜூலையில மூடிட்டாங்க. ஸ்கைப் 2025 மே மாசம் கடையைக் கட்டிடுச்சு. நீல ‘ஈ’ எழுத்தோட நம்ம எல்லாருக்கும் இன்டர்நெட்டை அறிமுகப்படுத்தின இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூன்ல ரிட்டயர்டு.

இடையில 2008 செப்டம்பர்ல வந்ததுதான் கூகுள் குரோம். அந்த டீமை நடத்தினவர் சுந்தர் பிச்சை. பிறந்தது எங்கேங்கிறீங்க? நம்ம மதுரையில! ஆக, பக்கத்து ஊர்க்காரர் கைவண்ணத்துலதான் பாதி உலகம் பிரவுஸ் பண்ணுதுனு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஏலத்துக்கே ஏலம்!

போடியில ‘ஏலம்’னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு செடியில காய்க்கும், இன்னொண்ணு கம்ப்யூட்டர்ல நடக்கும். 2007-ல் இருந்து நறுமணப் பொருட்கள் வாரியம் (அதாங்க, ஸ்பைசஸ் போர்டு) இங்கே மின்னணு ஏலம் நடத்துது. வியாபாரிங்க ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பட்டனைத் தட்டித்தான் விலை கேட்பாங்க. இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் இதே மாதிரி ஒரு மையம் இருக்கு.

அன்னன்னிக்கு ஏல முடிவு வாரியத்தோட இணையதளத்துலயே வந்துடும். எத்தனை லாட் வந்தது, எத்தனை கிலோ வித்தது, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாமே அட்டவணையா இருக்கும். துபாய்ல டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்த அண்ணனும் இதைப் பார்க்கலாம், மேட்டுல காய் எடுப்பு முடிஞ்சு உக்காந்திருக்குற அப்பாவும் பார்க்கலாம். ‘‘என்னப்பா, இன்னிக்கு என்ன போச்சு?’’னு ரெண்டு பேரும் பேசிக்க ஒரு விஷயம் கிடைக்குது பாருங்க, அது பெரிய விஷயம். ஊரை விட்டுப் போன பிள்ளைக்கு ஊர் நிலவரம் தெரிஞ்சிருக்குன்னா அப்பாக்களுக்குத் தனி சந்தோஷம்!

இதுல கவனிக்க வேண்டியது சராசரி விலையைத்தான். டீக்கடையில பேசறது எல்லாம் அதிகபட்ச விலை. அது நல்ல தடிக்காய் இருந்த ஏதோ ஒரு லாட்டுக்குப் போனதா இருக்கும். 2019 ஆகஸ்டுல கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சுனு பேப்பர்ல எல்லாம் வந்ததே, அதுவும் இப்படி அதிகபட்ச விலைதான். முந்தின வருஷத்து வெள்ளத்துலயும், அதுக்கப்புறம் வந்த வறட்சியிலயும் செடி போனவங்களுக்கு விக்கறதுக்குக் காயே இல்லை. நாலஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர்ல உலர்த்தினாத்தான் ஒரு கிலோ ஏலக்காய். அதனால சராசரியைப் பார்த்து, கணக்குப் போட்டு வீட்டுல சொல்லுங்க.

இங்கே உதவுற மூணு டிப்ஸ்...

நேத்து விலையே காட்டுதா? பிரவுசர் பழைய பக்கத்தை நினைவுல வெச்சுக்கிட்டு அதையே காட்டும். கன்ட்ரோல் + எஃப் 5 அழுத்தினா, பழசை ஓரங்கட்டிட்டுப் புதுசா இறக்கும்.

தோட்டம் கேரளாவுல, பேப்பர் எல்லாம் மலையாளத்துலயா? குரோம்ல பக்கத்தின் மேல ரைட் கிளிக் பண்ணி, மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்து தமிழுக்கு மாத்திக்கலாம். சவூதியில இருக்குற மச்சானுக்கு வர்ற அரபி அறிவிப்புக்கும் இது பொருந்தும். ஆனா, இது விஷயம் என்னன்னு புரிஞ்சுக்க மட்டும்தான். மெஷின் மொழிபெயர்ப்பை நம்பி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வேண்டாம்.

மேட்டுக்குப் போற வழியில டவர் போயிப் போயி வருமே, அதுக்கும் வழி இருக்கு. வேணுங்கிற பக்கத்தைக் கீழே ஊர்லயே திறந்து, மொபைல் குரோம் மெனுவுல இருக்குற டவுன்லோடு அம்புக்குறியைத் தட்டி வெச்சுக்குங்க. நெட் இல்லாமலும் படிக்கலாம்.

அப்பத்தாவுக்கு ஒரு கிளிக்!

எங்க வீட்டுலயும் இதே கதைதான். அக்கா, மச்சான், ரெண்டு வயசு மருமகன் மூணு பேரும் சிங்கப்பூர்ல. மருமகனுக்கு எங்கம்மாவை, அதாவது அவனோட அம்மாச்சியை, லேப்டாப்லயேதான் பழக்கம். போன தீபாவளிக்கு நேர்ல வந்தப்போ, அம்மாச்சி கன்னத்தை ஒத்தை விரலால தள்ளித் தள்ளிப் பார்த்தான், ஸ்க்ரீன் மாதிரி நகருதான்னு! வீடே சிரிச்சது. எங்கம்மா மட்டும் சிரிச்சுட்டே அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. ரொம்ப நேரம் வெளியே வரலை.

இந்த அம்மாச்சி, அப்பத்தாக்களுக்காக ஒருநாள், ஒரே ஒருநாள், அரை மணி நேரம் ஒதுக்குங்க.

முதல்ல புக்மார்க். வீடியோ கால் பக்கம், ஏல விலைப் பக்கம், பேப்பர் பக்கம்... மூணையும் புக்மார்க் பட்டையில வரிசையா வெச்சு, பேரைத் தமிழ்ல மாத்துங்க. ‘பாப்பா’, ‘விலை’, ‘பேப்பர்’... அவ்வளவுதான். நீங்க ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அவங்களே கிளிக் பண்ணிக்குவாங்க.

அடுத்து எழுத்து. கண்ணாடியைத் தேட வேண்டாம். கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்த அழுத்த எழுத்து பெருசாகும், மைனஸ் அழுத்தினா சின்னதாகும், பூஜ்யம் அழுத்தினா பழைய நிலை. ஒரு தளத்துக்கு ஒருதடவை பெருசு பண்ணி வெச்சா பிரவுசர் அதை நினைவு வெச்சுக்கும்.

‘மைக் வேலை செய்யலை’ங்கிற புகாருக்குப் பத்துல எட்டு தடவை காரணம் அனுமதிதான். முதல் தடவை பிரவுசர் கேமரா, மைக்குக்கு அனுமதி கேட்டப்போ பயந்துபோய் ‘பிளாக்’கைத் தட்டியிருப்பாங்க. முகவரிப் பட்டையின் இடது ஓரத்துல ஒரு குட்டி ஐகான் இருக்கும். அதைத் தட்டி, கேமராவுக்கும் மைக்குக்கும் மட்டும் அனுமதியை மாத்தினா வேலை முடிஞ்சது. அண்ணன் துபாய்ல இருந்தா இன்னொரு விஷயம்... ஐக்கிய அரபு அமீரகத்துல வாட்ஸ் அப் கால் மாதிரி இன்டர்நெட் கால்களுக்குப் பல வருஷமா கட்டுப்பாடு உண்டு. அங்கே அனுமதி பெற்ற ஆப் எதுன்னு அண்ணன்கிட்டயே கேட்டு வெச்சுக்குங்க. ‘நெட் சரியில்லை’னு வீட்டுல மோடத்தைத் தட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்!

அப்புறம் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. சவூதி, கத்தார், குவைத் ரெண்டரை மணி நேரம் பின்னாடி. சிங்கப்பூர், மலேசியா ரெண்டரை மணி நேரம் முன்னாடி. நியூஜெர்ஸிதான் வில்லன்... வெயில் காலத்துல ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்துல பத்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். அங்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்திடுவாங்க. ‘புள்ள ஏன் இன்னிக்கு லேட்டு?’னு அம்மா பதறும்போது இதைச் சொல்லிப் புரியவைங்க.

இன்காக்னிட்டோ... மாயக் கம்பளம் இல்லை!

பாஸ்போர்ட், வீசா, பணம் அனுப்பற வேலைக்கு இன்னமும் பிரவுசிங் சென்டருக்குப் போறவங்க நிறைய பேர். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட ‘இன்காக்னிட்டோ’ ஜன்னலைத் திறந்தா எல்லாமே ரகசியம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பாதிதான் நிஜம்.

அந்த ஜன்னலை மூடினதும் ஹிஸ்டரி, குக்கீ, லாகின் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து போயிடும், சரி. ஆனா, நெட் கொடுக்குற கம்பெனிக்கும், நீங்க போன தளத்துக்கும் உங்க வருகை தெரியும். இந்த விஷயத்துல கூகுள் மேலேயே அமெரிக்காவுல 2020-ல் வழக்கு போட்டாங்க. 2024-ல் சேர்த்துவெச்ச தகவல்களை அழிக்கறதா கூகுள் சமரசத்துக்கு ஒப்புக்கிச்சு.

அதைவிட முக்கியம், நீங்க டவுன்லோடு பண்ணின ஃபைல் அழியாது! அப்பாவோட ஆதார், அக்காவோட பாஸ்போர்ட் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டர்ல சமர்த்தா உக்காந்திருக்கும். வேலை முடிஞ்சதும் அந்த ஃபோல்டரைத் திறந்து அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும். ‘பாஸ்வேர்டை சேமிக்கவா?’னு பிரவுசர் கேட்டா பொதுக் கம்ப்யூட்டர்ல எப்பவும் ‘வேண்டாம்’தான்.

வேலை ரெடி, விமானம் ரெடி... நீங்க உஷார்!

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோம். ஏன்னா, அடுத்து வெளிநாடு போகப்போறது நாமதான்.

2022 செப்டம்பர்ல மத்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. தாய்லாந்துல ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை, நல்ல சம்பளம்னு விளம்பரம் பண்ணி, ஐ.டி. தெரிஞ்ச இளைஞர்களைக் கூட்டிட்டுப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி அடைச்சு வைக்கிறாங்கனு. மாட்டினவங்கள்ல தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. அந்த வருஷ அக்டோபர்ல மீட்கப்பட்டவங்க சென்னை வந்து இறங்கினாங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பத்தாவது பாஸ் பண்ணாத ஒருத்தர் வளைகுடா, மலேசியா, தாய்லாந்துனு 18 நாடுகள்ல ஒண்ணுக்கு வேலைக்குப் போகணும்னா, குடியேற்ற அனுமதி வாங்கணும். அப்போ அவரோட ஒப்பந்தம், ஏஜென்ட் விவரம் எல்லாத்தையும் அரசாங்கம் ஒருதடவை பார்க்கும். டிகிரி வாங்கின நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதாவது, நம்மளைத் தடுத்து நிறுத்தி ‘எங்கேப்பா போறே?’னு கேட்க ஆளில்லை. படிச்சிருக்கோம், நாமளே பார்த்துக்குவோம்னு விட்டுட்டாங்க. அப்போ நாமதானே பார்க்கணும்?

என்ன பார்க்கணும்?

முகவரியை வலப்பக்கம் இருந்து படிங்க. மோசடிக்காரங்க முகவரியோட ஆரம்பத்துல ‘பாஸ்போர்ட்’, ‘இந்தியா’னு அழகா போட்டிருப்பாங்க. அது முக்கியமே இல்லை. ரெட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வர்ற முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடிங்க. அதுக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்குறதுதான் அந்தத் தளத்தோட உண்மையான சொந்தக்காரர். மத்திய, மாநில அரசுத் தளம்னா அங்கே ‘கவ் டாட் இன்’ இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கறதா சொல்லி அப்படி முடியாத தளம் எதுவா இருந்தாலும் ஜன்னலை மூடுங்க. சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான்.

பூட்டை நம்பாதீங்க. முகவரிப் பட்டையில பூட்டு இருந்தா நல்ல தளம்னு ஒரு காலத்துல சொல்லிக் கொடுத்தாங்க. பூட்டுன்னா, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுனுதான் அர்த்தம். அந்தப் பக்கம் இருக்குறவன் நல்லவனா, திருடனானு அதுக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்தாலயே 2023-ல் குரோம் பூட்டுப் படத்தை எடுத்துட்டு வேற ஐகானை வெச்சிடுச்சு.

ஏஜென்ட் பேரைத் தட்டிப் பாருங்க. வெளியுறவு அமைச்சகத்தோட ‘இ-மைக்ரேட்’ தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட்டுகள் பட்டியல் இருக்கு. பதிவு எண் கொடுத்தா நிஜமா, காலாவதியானு தெரிஞ்சிடும். அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு... 30,000 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. லட்சக்கணக்குல கேட்டா, அதுவே உங்களுக்குப் பதில். ‘டூரிஸ்ட் வீசாவுல வாங்க, போனதும் மாத்திக்கலாம்’னு சொன்னா, பேச்சையே முடிச்சுக்குங்க.

எல்லாம் மீறிப் பணம் போயிடுச்சா? வெட்கப்பட்டுட்டு உக்காராம உடனே 1930-க்கு போன் அடிங்க. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தறதுக்கு அவ்வளவு வாய்ப்பு.

ஒரு வருஷ ஏலக்காய்ப் பணத்தைத் திரட்டித்தான் நம்ம வீட்டுல பிள்ளையை விமானம் ஏத்தறாங்க. அந்தப் பணத்துக்குக் காவல், முகவரிப் பட்டையைப் படிக்கத் தெரிஞ்ச உங்க ரெண்டு கண்ணுதான்.

பாக்கெட்ல வெச்சுக்க ஆறு!

* கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி: தெரியாம மூடின டேப் திரும்ப வரும். பாதி நிரப்பின ஃபார்ம் மட்டும் வரும்னு உத்தரவாதம் இல்லை, ஜாக்கிரதை!

* கன்ட்ரோல் + எஃப்: நீளமான பக்கத்துல வேணுங்கிற வார்த்தையைத் தேட. ரிசல்ட் லிஸ்ட்ல உங்க நம்பரைத் தேடறதுக்கும் இதுவே!

* கன்ட்ரோல் + எல்: மவுஸைத் தொடாம நேரா முகவரிப் பட்டைக்குப் போக.

* கன்ட்ரோல் + எச்: ‘நேத்து பார்த்தேனே, அந்தப் பக்கம்..?’ ஹிஸ்டரியில கிடைக்கும்.

* கன்ட்ரோல் + பி: பிரின்டர் இல்லாட்டியும் ‘பி.டி.எஃப். ஆக சேமி’யைத் தேர்ந்தெடுத்து ரசீதைப் பத்திரப்படுத்தலாம்.

* கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டெலிட்: ஹிஸ்டரி, குக்கீ, பழைய குப்பையை எல்லாம் கழுவித் தள்ள.

டிக்கெட் எடுத்துட்டீங்களா?

மீட்டர் கேஜ் பாதையை மாத்தறதுக்காக 2010 கடைசியில நின்னுபோன போடி ரயில், 2023 ஜூன் 15-ல் இருந்து திரும்ப ஓடுது. சென்னை சென்ட்ரல்ல இருந்தே நேரா போடிக்கு வண்டி இருக்கு. பன்னெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து கிடைச்ச ரயில் இது. வெளிநாட்டுல இருக்குற அண்ணன், அக்காவால நினைச்ச நேரத்துல அதுல ஏற முடியாது. நம்மால முடியும்.

அதனால அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டுப் பிரவுசரை நீங்களே சரிபண்ணிட்டு ஓடி வந்துடாதீங்க. அப்பாவைப் பக்கத்துல உக்காரவெச்சு, மவுஸை அவர் கையில கொடுங்க. முகவரியை எங்கே படிக்கணும், ‘அலோ’ எப்போ கொடுக்கக் கூடாது, 1930 எதுக்குன்னு ரெண்டு தடவை, மூணு தடவை சொல்லிக் கொடுங்க. நமக்கு ‘அ’னா எழுதச் சொல்லிக் கொடுத்தப்போ அவங்க எத்தனை தடவை கையைப் பிடிச்சாங்கனு கணக்கா வெச்சிருக்காங்க?

சரி, இப்பவே பிரவுசரைத் திறங்க பாஸ்... முதல்ல ரயில் டிக்கெட்!